50 எச்.ஆர்.சி. பெரிய மோல்டு பிளாக்: கோடு ஏன் விழுகிறது, அளவு ஏன் நகர்கிறது, மூலையில் டூல் ஏன் உடைகிறது

கேள்வி இதுதான்: எச்13 டூல் ஸ்டீல், கடினம் 50 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவு), 1000 × 800 × 400 மி.மீ. கேவிட்டி பிளாக், அதாவது பொருளின் வடிவம் குழிவாக வெட்டப்படும் மோல்டின் பாதி. ஃபினிஷிங்கில் (கடைசி நுண்வெட்டில்) பரப்பின் நடுவே கோடு விழுகிறது. இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் அளவு 0.03 முதல் 0.05 மி.மீ. வரை தள்ளியிருக்கிறது. மூலைகளில் பால் நோஸ் (நுனி அரைக்கோளமான கட்டர்) உடைகிறது. என்ன ஸ்பீடு, என்ன ஃபீட் வைக்க வேண்டும்?

ஸ்பீடும் ஃபீடும் கீழே இருக்கின்றன. ஆனால் இந்த மூன்று கோளாறுக்கும் அவை முதல் காரணம் அல்ல. சின்ன மோல்டுத் துண்டில் 50 எச்.ஆர்.சி. வெட்டத் தெரிந்தவர்கள்கூடப் பெரிய பிளாக்கில் தடுமாறுவது நேரத்தால்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 × 800 பரப்பை 0.2 மி.மீ. ஸ்டெப் ஓவரில் (அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு இடையிலான தூரம்) முடிக்க டூல் 4000 மீட்டர் ஓட வேண்டும். 10 மி.மீ. பால் நோஸ், இரண்டு பல், 12,000 ஆர்.பி.எம்., பல்லுக்கு 0.12 என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 2880 மி.மீ. அதாவது இடைவிடாமல் ஓடினாலும் 23 மணி நேரம். அந்த 23 மணி நேரத்தில் டூல் தேய்கிறது, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் சூடாகி நீள்கிறது, அறையின் வெப்பம் மாறுகிறது. இவை ஒவ்வொன்றும் ஸ்டீலில் பதிவாகும்.

ஆகவே முதல் வேலை மணிக்கணக்கைக் குறைப்பது. பால் நோஸ் விட்டுச்செல்லும் மேட்டின் உயரம், ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை டூல் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது. 10 மி.மீ. டூலில் 0.2 ஸ்டெப் ஓவர் என்றால் 1 மைக்ரான். அதே 1 மைக்ரான் 16 மி.மீ. டூலில் 0.25 வைத்தாலும் கிடைக்கும். 4000 மீட்டர் 3200 மீட்டராகிவிடும். 0.3 வைத்தால் 1.4 மைக்ரான், சுமார் 2670 மீட்டர். பாலிஷ் செய்யப் போகும் பரப்பில் 1-க்கும் 1.4-க்கும் இடையே யாரும் வித்தியாசம் காணப்போவதில்லை. மூலை ஆர்6 (6 மி.மீ. ஆரம்) என்பதற்காக மொத்தக் கேவிட்டியையும் 10 மி.மீ. டூலில் ஃபினிஷ் செய்வது வீண். பெரிய டூலால் திறந்த பரப்பை முடித்துவிட்டு, எட்டாத இடத்தை மட்டும் சின்ன டூலுக்கு விடுங்கள்.

இனி வரிசையாக.

ஹார்டனிங்குக்கு (ஸ்டீலைச் சூடாக்கிக் கடினமாக்குவதற்கு) முன்னால் நடப்பதுதான் பாதி விதியைத் தீர்மானிக்கிறது. எச்13-ஐச் சுமார் 1020 டிகிரியில் சூடாக்கிக் குவெஞ்ச் செய்து (வேகமாகக் குளிர்வித்து), இரண்டு மூன்று முறை மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்யும்போது இந்த அளவு பிளாக் வளையாமல் வராது. ரஃபிங்கில் (முதல் முரட்டு வெட்டில்) ஒரு பக்கத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. விடுங்கள். ரஃபிங் முடிந்ததும் 650 டிகிரியில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங், அதாவது ஸ்டீலின் உள் இறுக்கத்தைத் தளர்த்தும் சூடாக்கல். பிளாக்கின் நடுப்பகுதியும் அந்த வெப்பத்தை எட்டிய பிறகு இரண்டு மணி நேரம் வைத்து, ஃபர்னஸிலேயே 500 டிகிரிக்குக் கீழே மெதுவாக இறங்கவிட வேண்டும். டெலிவரி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது இந்தப் படிதான். அதன் விலையை ஹார்டனிங்குக்குப் பிறகு கொடுப்பீர்கள்.

வாட்டர் லைனுக்கான (குளிர்நீர்த் துளைக்கான) கன் டிரில்லிங், டேப் ஹோல், லிஃப்டிங் ஹோல் எல்லாம் ஹார்டனிங்குக்கு முன்பே. ரஃபிங்கில் உள் மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள். பெரிய பிளாக்கில் ஆர்5-க்குக் குறைந்த மூலை குவெஞ்சில் விரிசலை அழைக்கும். வாட்டர் லைன் கேவிட்டிப் பரப்புக்கு மிக அருகே போனாலும் அதே ஆபத்து.

பி20, 2738 போன்ற ப்ரீஹார்டன் ஸ்டீலில், ஏறத்தாழ 30 எச்.ஆர்.சி.யில், இந்தச் சிக்கல் பாதிகூட இல்லை. அவற்றை வாங்கிய கடினத்திலேயே முடித்துவிடலாம். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் தேவைப்பட்டாலும் 550 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடினம் இறங்கிவிடும். 50 எச்.ஆர்.சி. உண்மையிலேயே தேவைதானா என்று டிசைன் நிலையிலேயே கேட்டுவிடுவது நல்லது. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்குக்குத் தேவைப்படலாம், சாதாரணப் பாலிப்ரோப்பிலீன் மோல்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

ஹார்டனிங் முடிந்து வந்த பிளாக்கைப் பழைய டேட்டத்தில் (அளவுகளின் தொடக்கப் புள்ளியில்) கட்டி நேரே ஃபினிஷ் ப்ரோகிராமை ஓட்டுவது டூலை உடைக்கும் உறுதியான வழி. கேவிட்டியைப் ப்ரோபால் (மெஷினில் மாட்டும் தொடு அளவியால்) தொட்டுப் பாருங்கள். நான்கு சுவர், தரை, பார்ட்டிங் லைன் (மோல்டின் இரு பாதிகளும் சேரும் கோடு) என 20, 30 புள்ளிகள் போதும். 2 மி.மீ. விட்ட இடத்தில் ஒரு பக்கம் 0.8-ம் எதிர்ப்பக்கம் 3.1-ம் இருக்கலாம். டூல் பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருள் இன்னும் எங்கும் 2 மி.மீ. என்றே நினைத்துக்கொண்டிருக்கும். முதலில் டேட்டத்தை நகர்த்தி, திருப்பி, ஸ்டாக் (வெட்ட மிச்சமுள்ள ஸ்டீல்) எல்லாப் பக்கமும் ஓரளவு சமமாக வரும்படி பெஸ்ட் ஃபிட் செய்யுங்கள். பிறகு மிக அதிகமாக இருக்கும் இடத்தின் அளவையே ஸ்டாக் மாடலாகக் கொடுத்து ரஃபிங்கை மீண்டும் கணக்கிடுங்கள். காற்றில் வெட்டும் நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பெஸ்ட் ஃபிட் முடிவான பிறகே அடிப்பரப்பைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். ஃப்ளாட்னஸ் 0.01 முதல் 0.02-க்குள் வர வேண்டும். வளைந்த அடியை க்ளாம்ப் போட்டு இழுத்துப் பிடித்தால், மெஷினில் எல்லாம் சரியாக இருக்கும், க்ளாம்ப்பைத் தளர்த்தியதும் கேவிட்டி திரும்பிவிடும். சோதனை எளிது. பிளாக்கின் மேல் டயல் வைத்து ஒவ்வொரு க்ளாம்ப்பாகத் தளர்த்துங்கள். முள் 0.01-க்கு மேல் நகர்ந்தால் அந்த க்ளாம்ப்புக்குக் கீழே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். க்ளாம்ப் விழும் இடத்துக்கு நேர் கீழே சப்போர்ட் இருக்க வேண்டும். ஹார்ட் ரஃபிங் (ஹார்டனிங்குக்குப் பிறகான ரஃபிங்) முடிந்ததும் ஒருமுறை எல்லா க்ளாம்ப்பையும் தளர்த்தி, மீண்டும் குறைந்த டார்க்கில் இறுக்கி, டேட்டத்தைப் புதிதாக எடுத்த பிறகே செமி ஃபினிஷிங். 400 மி.மீ. தடிமனில் இந்த நகர்வு சிறியது. 120 மி.மீ. தடிமனுள்ள நீள ஸ்லைடிலோ பிளேட்டிலோ அது பெரிய தலைவலி.

ஹார்ட் ரஃபிங்குக்கு ஹை ஃபீட் கட்டர்தான் என் முதல் தேர்வு. 40 மி.மீ. கட்டர், நான்கு இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டு வில்லை), கட்டிங் ஸ்பீடு 90 மீ/நிமிடம் என்றால் சுமார் 715 ஆர்.பி.எம். டெப்த் 0.4, பல்லுக்கு 0.5, ஃபீட் 1430. பல்லுக்கு 0.5 என்றதும் பயப்பட வேண்டாம். இந்த இன்செர்ட்டின் வெட்டு முனை 10 முதல் 15 டிகிரிதான் சாய்ந்திருக்கும், எனவே 12 டிகிரியில் உண்மையான சிப் (சீவல்) தடிமன் 0.1-தான். விசை பெரும்பாலும் ஸ்பிண்டிலின் அச்சுவழியே மேல்நோக்கிப் போவதால் நீட்டிய ஹோல்டரிலும் அதிர்வு குறைவு. இறங்கும்போது ஒரு டிகிரி அளவில் ஹெலிக்கல் ராம்ப் (சுருள்பாதைச் சரிவு) வையுங்கள், நேராகக் குத்த வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் கட்டர்களைக் கேமில் ஒரு தோராய மூலை ஆரத்தோடுதான் வரைகிறோம். அசல் இன்செர்ட்டின் வடிவம் அதுவல்ல. அடி மூலையில் கேம் காட்டாத மிச்சம் கொஞ்சம் நின்றிருக்கும். அடுத்து வரும் செமி டூல் அங்கே திடீரென்று கூடுதல் சுமையைச் சந்திக்கும்.

செமி ஃபினிஷிங்கின் ஒரே நோக்கம் ஃபினிஷ் டூலுக்கு எங்கும் ஒரே ஸ்டாக்கை வைப்பது. முதலில் 0.2, பிறகு 0.08 முதல் 0.1. இந்த இரண்டாவது செமியைத் தவிர்த்து நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் ஃபினிஷிங்கில் அதைவிட அதிகம் இழக்கிறார்கள். ஸ்டாக் 0.05-க்கும் 0.25-க்கும் இடையே மாறிக்கொண்டிருந்தால் டூலும் அந்த அளவுக்கு வளைந்து நிமிரும். பரப்பில் அது மேகம் படிந்ததுபோல் தெரியும்.

ஃபினிஷிங்கில் ஆர்.பி.எம். வைக்கும்போது பெரும்பாலும் தவறுவது ஒரு இடத்தில். பால் நோஸின் முழு விட்டம் எப்போதும் வெட்டுவதில்லை. 10 மி.மீ. டூலில் டெப்த் 0.1 என்றால் சமதளத்தில் உண்மையாக வெட்டும் விட்டம் 2 மி.மீ.தான். 6370 ஆர்.பி.எம். வைத்து 200 மீ/நிமிடம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தரையில் உண்மையில் நடப்பது 40. நுனியின் மையத்தில் வேகமே பூஜ்யம். அங்கே வெட்டு நடப்பதில்லை, தேய்ப்புதான் நடக்கும். டூலை 15 டிகிரி சாய்த்தால் அதே டெப்த்தில் வெட்டும் விட்டம் சுமார் 4.5 மி.மீ. ஆகிவிடும், அங்கே 200 கிடைக்க 14,000 ஆர்.பி.எம். வேண்டும். ஆனால் அதே 14,000-த்தைச் செங்குத்துச் சுவரில் வைத்தால் முழு 10 மி.மீ. வெட்டும், வேகம் 440-ஐத் தொட்டு கோட்டிங் போய்விடும். எனவே 40, 45 டிகிரிக்கு மேல் சரிவுள்ள சுவரை கான்ஸ்டன்ட் இசட்டில் (ஒவ்வொரு உயரமாகச் சுற்றி இறங்கும் பாதையில்) ஒரு ப்ரோகிராமாகவும், சாய்வு குறைந்த பரப்பை வேறு ப்ரோகிராமாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.பி.எம். வையுங்கள். தட்டையான தரைக்குப் பால் நோஸே வேண்டாம், புல் நோஸ் (அடி தட்டை, மூலை மட்டும் உருண்டை) போதும். 3+2 வசதி (டூலையோ மேசையையோ ஒரு கோணத்தில் சாய்த்துப் பூட்டி வெட்டுவது) இருந்தால் சாய்த்து வெட்டுவதன் லாபம் டூல் நீளத்தைக் குறைப்பதிலும் கிடைக்கும்.

திசை எப்போதும் கிளைம்ப், அதாவது பல் தடித்த சிப்பில் நுழைந்து மெல்லியதில் வெளியேறும் திசை. ரஃபிங்கில் ஜிக்ஜாக் போடுவதை 50 எச்.ஆர்.சி.யில் மறந்துவிடுங்கள். ஃபினிஷிங்கில் 0.1 ஸ்டாக்கில் ஜிக்ஜாக் ஓடும், ஆனால் போகும்போது ஒரு விதமாகவும் வரும்போது வேறு விதமாகவும் டூல் வளைவதால் அடுத்தடுத்த கோடுகளில் பளபளப்பு மாறும். பார்வைக்கு வரும் பரப்பில் ஒரே திசைதான்.

கூலன்ட் ஊற்றாதீர்கள். கார்பைட் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீலுக்குள் சூடாகி வெளியே வருகிறது. வெளியே வந்ததும் திரவம் பட்டால் வெட்டு முனையில் சீப்புப் பல்போல நுண்விரிசல் விழும். ஏர் பிளாஸ்ட் அல்லது எண்ணெய்த் துளிகள் கலந்த காற்று போதும். அலுமினியம் டைட்டானியம் நைட்ரைட் வகைக் கோட்டிங்குகள் சூட்டைத் தாங்கவென்றே வந்தவை. காற்றின் முக்கிய வேலை குளிர்விப்பதல்ல, சிப்பை வெளியே தள்ளுவது. 250 மி.மீ. ஆழக் கேவிட்டியில் ஒரு நாசில் போதாது, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வையுங்கள். அடியில் தேங்கிய கடினச் சிப்பை மீண்டும் வெட்டும் டூல் அதிகநேரம் பிழைக்காது. சிப் நீலமாகவோ பழுப்பாகவோ வந்து பிளாக் தொட்டால் சூடில்லாமல் இருந்தால் எல்லாம் சரி. ஃபினிஷிங்கில் தொடர்ந்து தீப்பொறி வர ஆரம்பித்தால் முனை மழுங்கிவிட்டது.

இப்போது மூலை. ஆர்6 மூலையில் 12 மி.மீ. டூல் நுழையும்போது, நேர்ச்சுவரில் டூலின் சின்னத் துண்டு மட்டும் ஸ்டீலைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஒரே நொடியில் கால் வட்டம் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. விசை பல மடங்காகி, டூல் வளைந்து, சுவரைக் கடித்து, கிறீச்சென்ற சத்தத்தோடு பல் போய்விடும். ஃபீடைக் குறைப்பது அரைகுறை வைத்தியம். மூலை ஆரத்தைவிடக் குறைந்த ஆரமுள்ள டூல்தான் அங்கே போக வேண்டும்: ஆர்6-க்கு 10 அல்லது 8 மி.மீ., அப்போதுதான் டூல் மூலையில் நின்று திரும்பாமல் வளைந்து ஓடும். அதுவும் நேரடியாகப் போகக் கூடாது. 16 விட்டதை 12, 12 விட்டதை 8 என்று ரெஸ்ட் மெஷினிங் படிப்படியாக, மேலிருந்து கீழே சின்னச் சின்ன டெப்த்தில் நடக்க வேண்டும். மூலையின் அடிக்கோட்டில் ஓடும் பென்சில் பாஸ் கடைசியில், மிச்சமிருக்கும் சில நூறில் ஒரு மி.மீ.களை எடுப்பதற்கு மட்டும். உடைவுகளில் பாதி, பென்சில் பாஸை ரெஸ்ட் மெஷினிங்குக்குப் பதிலாகப் போடுவதால் வருபவை.

டூல் வளைவு, வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதம், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 10 மி.மீ. டூலை 60-இலிருந்து 90 மி.மீ.க்கு நீட்டினால் வளைவு 3.4 மடங்கு. அதே நீளத்தில் 12 மி.மீ. போட்டால் பாதிக்கும் கீழே. ஆகவே முழு ஆழத்துக்கும் ஒரே நீள டூலை மாட்டாதீர்கள். மேல் 80 மி.மீ.க்குக் குட்டை டூல், அதற்குக் கீழே மட்டும் நீளம், கழுத்து கூம்பாக இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்டென்ஷன் கார்பைடில் இருக்கட்டும். கார்பைடின் விறைப்பு ஸ்டீலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ரன் அவுட்டை (டூல் சுழலும்போது வரும் ஆட்டத்தை) டூலைப் பிடிக்கும் கோலெட்டின் வாயில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், டூல் முனைக்கு அருகே பாருங்கள். இரண்டு பல் டூலில் பல்லுக்கு 0.03 ஓடும்போது ரன் அவுட் 0.02 என்றால் ஒரு பல் 0.05 எடுக்கிறது, மற்றது 0.01 மட்டும் உரசுகிறது. சுமை தாங்கும் பல் சீக்கிரம் போகும், உரசும் பல் சூட்டைக் கிளப்பும். ஃபினிஷிங்குக்கு 5 மைக்ரானுக்குள் வேண்டும். சூடாக்கி டூலைச் செருகும் ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டர் அதைத் தரும். ஹோல்டர் கூம்பில் ஒட்டிய தூசியும் அதைக் கெடுக்கும்.

கோடு விழுவது பெரும்பாலும் டூல் மாற்றிய இடத்தில். தேய்ந்த டூல் 10, 20 மைக்ரான் குறைவாக வெட்டிக்கொண்டிருந்தது, புதியது முழு அளவும் வெட்டுகிறது, இடையில் படி. இதற்கு இரண்டு பக்கத்திலும் வேலை இருக்கிறது. டூல் எத்தனை மீட்டர் தாங்கும் என்பதை முனைத் தேய்மானம் 0.1 மி.மீ. ஆகும் வரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்து, அதற்கு முன்பே மாற்றுங்கள். அடுத்து, மாற்றும் இடத்தைப் பரப்பின் நடுவே வைக்காதீர்கள். பார்ட்டிங் லைன், ஸ்டெப், ஃபில்லட்டின் விளிம்பு என்று கண் தானாகவே ஒரு கோட்டை எதிர்பார்க்கும் இடத்தில் எல்லையைப் போடுங்கள். வேறு வழியில்லாமல் நடுவில் சேர வேண்டியிருந்தால் 2, 3 மி.மீ. ஓவர்லாப் வைத்து, பரப்பைத் தொடுகோடாகத் தழுவி நுழையவும் வெளியேறவும் விடுங்கள்.

நீளம் எடுக்கும் முறையும் முக்கியம். ஸ்பிண்டில் நின்றிருக்கும்போது எடுத்த நீளமும் 12,000-த்தில் அரை மணி ஓடிய பிறகு இருக்கும் நீளமும் ஒன்றல்ல, வித்தியாசம் பத்து மைக்ரான் கணக்கில் வரும். 20, 30 நிமிடம் வார்ம் அப் ஓட்டி, லேசர் செட்டரில் வெட்டப் போகும் அதே ஆர்.பி.எம்.மில் எடுங்கள்.

காலையில் 0.05 தள்ளியிருப்பதற்கு வருவோம். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். 1000 மி.மீ.க்கு 5 டிகிரி என்றால் 57 மைக்ரான். உங்கள் கணக்கு அங்கேயே கிடக்கிறது. ஆனால் அறை 5 டிகிரி குளிர்ந்தால் அளவு அப்படியே 57 தள்ளும் என்றும் இல்லை. ஸ்கேலும் பிளாக்கும் ஒன்றாகக் குளிர்ந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். தொல்லை, இரண்டும் வேறுவேறு வேகத்தில் மாறுவதில்தான். இந்த பிளாக் 2500 கிலோ. அது மெதுவாகத்தான் அறையைப் பின்தொடரும், மெஷினின் தூணும் ஸ்பிண்டில் தலையும் அதற்கு முன்பே மாறியிருக்கும். வெளியிலிருந்து வந்த பிளாக்கை ஒரு நாளாவது மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டேப் ஹோல் ஒன்றுக்குள் தெர்மாமீட்டர் முனையை விட்டு பிளாக்கின் வெப்பத்தையே அளந்து பாருங்கள், அறையின் வெப்பம் இங்கே உதவாது.

இதைவிடப் பயனுள்ளது: பிளாக்கிலேயே ஒரு மூலையில் கிரைண்டிங் செய்த சதுரமோ போரோ ஒன்றை அடையாளமாக வைத்து, மூன்று நான்கு மணிக்கொருமுறை ப்ரோபால் தொட்டு எக்ஸ், ஒய், இசட் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதிவையுங்கள். நகர்வு இசட்டில் மட்டுமா, எல்லாத் திசையிலுமா என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். இசட் மட்டும் என்றால் ஸ்பிண்டிலைப் பாருங்கள். ஆனால் மெஷினின் சதுரத்தன்மைப் பிழையை அதே மெஷினின் ப்ரோப் காட்டாது. கடைசி அளவு 20 டிகிரியில், சி.எம்.எம். என்ற தனி அளவு மெஷினில்தான். கோர் (மோல்டின் மேடான எதிர்ப்பாதி), கேவிட்டி இரண்டும் அடைத்துச் சேரும் ஷட் ஆஃப் பரப்புகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே டூலில், ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுங்கள். ஸ்பாட்டிங்கில் (நீலம் பூசி இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பதில்) நீலம் சமமாக ஒட்டுவது அதைப் பொறுத்தது.

ப்ரோகிராமில் ஒரு சிறு விஷயம். கேமில் வைக்கும் ஃபினிஷிங் டாலரன்ஸ் (பாதை வடிவத்திலிருந்து விலகக்கூடிய அளவு) 0.005-க்குக் கீழே போனால் புள்ளிகள் பெருகி, கன்ட்ரோல் திணறி, போட்ட 2880 ஃபீட் எங்கும் வராது. 0.02 வைத்தால் வளைபரப்பில் பட்டைகள் தெரியும். சீமென்ஸ் கன்ட்ரோலில் சைக்கிள்832, ஹைடன்ஹைனில் சைக்கிள் 32 ஆகியவற்றில் வைக்கும் டாலரன்ஸ் கேமில் வைத்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஃபனுக்கில் ஜி05.1 கியூ1 (புள்ளிகளை முன்கூட்டிப் படித்து ஓட்டும் கட்டளை) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரையில் உண்மையான ஃபீட் என்ன காட்டுகிறது என்பதைக் கவனித்தால், 23 மணி நேரம் ஏன் 35 ஆகிறது என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மில்லிங்கில் முடிக்கப் பிடிவாதம் வேண்டாம். ஆர்1-க்குக் குறைந்த ஆழ மூலை, டூல் விட்டத்தைப்போல் பத்து மடங்கு ஆழமுள்ள ரிப் எல்லாம் ஈ.டி.எம்.முக்கு (மின்பொறியால் அரிக்கும் முறைக்கு) போகட்டும். அது விட்டுச்செல்லும் வெள்ளை அடுக்கை (உருகி உறைந்த தோலை) பிறகு பாலிஷில் எடுத்துவிடலாம்.

ஆளில்லாமல் இரவில் ஓட்டுவதென்றால், மீட்டர் கணக்கில் சிஸ்டர் டூல் (அதே அளவு மாற்று டூல்) மாறட்டும், ஒவ்வொரு டூலும் வெட்டி முடித்ததும் லேசரில் உடைவுச் சோதனை நடக்கட்டும், உடைந்திருந்தால் அடுத்த டூலை எடுக்காமல் மெஷின் நிற்கட்டும். 16 மி.மீ. டூல் பாதியில் உடைந்து விட்ட ஸ்டாக்கில் அடுத்து வரும் 8 மி.மீ. போய் மோதினால் இரண்டாவதும் போகும், சுவரும் கடிபடும். நின்றுபோன இடத்திலிருந்து காலையில் நேரே சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கவும் கூடாது. வார்ம் அப் ஓட்டி, அடையாளப் போரைத் தொட்டு, நகர்வை ஆஃப்செட்டில் சேர்த்து, நின்ற கோட்டுக்குச் சில மி.மீ. முன்னால், 0.02 மேலே தூக்கிய நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டூல் எங்கும் உரசவில்லை என்றால் 0.005 கணக்கில் இறக்கிக்கொண்டு வாருங்கள், லேசாக உரசும் இடம் வந்ததும் அங்கிருந்து தொடரலாம்.